நாக்கு அளித்த வாக்கு

பனியன் கம்பெனிகள் நிறைந்த ஓர் ஊரில் குற்றாலிங்கம் என்று ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். அவருக்கு ஒரு நாக்கு இருந்தது. இடது கையில் ஓர் ஆள்காட்டி விரலும் இருந்தது. எல்லோருக்கும் இருப்பவைதான். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் வெகுநாளாக ஒரு வழக்கு இருந்தது.

குற்றாலிங்கம் இடதுகைப் பழக்கக்காரர். அதனால் பகல் முழுவதும் விரலுக்கு ஓயாத வேலை. துணி அடுக்கின்மேல் அளவு அட்டையை அழுத்திப் பிடிக்கும். வெட்டின துண்டுகளை எண்ணும். வருகைப் பதிவில் கையெழுத்துப் போடும். நாக்குக்குக் கம்பெனியில் வேலையே கிடையாது. மெஷின் சத்தத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. ஆகவே பகலெல்லாம் சேர்த்து வைத்ததை அது சாயங்காலம் நாச்சிமுத்துவின் பேக்கரியில் கொண்டுபோய் இறக்கிவைக்கும்.

அங்கே அதன் ராஜ்யம். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மந்திரிசபையை மாற்றிவிடும். தேங்காய் பன் தீர்வதற்குள் பட்ஜெட் போட்டுவிடும். யார் ஜெயிப்பார்கள், யார் தோற்பார்கள், தோற்றவர் எங்கே கோட்டை விட்டார் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. கேட்கிறவர்களும் ரசித்துக் கேட்பார்கள். பேக்கரிக்கும் வியாபாரம் ஆயிற்று.

விரலுக்கு ஒரே ஒரு குறை. குற்றாலிங்கமும் அவர் மனைவி உலகம்மையும் தென்காசியிலிருந்து பிழைக்க வந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. அவர் பெயர் மட்டும் இன்னும் தென்காசி வாக்காளர் பட்டியலிலேயே இருந்தது. தேர்தல் வரும்போதெல்லாம் ஊருக்குப் போக லீவு கிடைக்காது. லீவு கிடைத்தால் பஸ் கிடைக்காது. ஏன் போகமுடியவில்லை என்று நாக்கு எல்லோருக்கும் விவரமாக விளக்கும். விளக்கம் நன்றாகவே இருக்கும். விரலில் மைதான் இருக்காது.

ஒருநாள் விரல் துணிந்து கேட்டுவிட்டது.

"அண்ணாச்சி, ஊரே விரல்ல மை வச்சிக்கிட்டுத் திரியுது. நமக்கு எப்போ?"

நாக்குக்குச் சிரிப்பு வந்தது. "வே, நீரு வெவரம் தெரியாம பேசுதீரு. வாக்குன்னா என்ன? பேச்சு. வாக்கு கொடுக்கது யாரு? நான். கொடுத்த வாக்கு தவறுதது யாரு? அதுவும் நான்தான். அப்போ வாக்காளர் யாரு? நீரு வெறும் மை தடவுத எடம்."

விரல் அளவு பார்த்துப் பழகியதே தவிர அர்த்தம் பார்த்து வாதாடிப் பழகவில்லை. அது சட்டைப் பொத்தானைப் போடப் போய்விட்டது.

உலகம்மை இந்த வழக்கில் எந்தப் பக்கமும் சேரவில்லை. அவள் வேறொரு கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் சேர்க்கவும் திருத்தவும் பள்ளிக்கூடத்தில் சனி, ஞாயிறு சிறப்பு முகாம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தன் பெயரை இந்த ஊருக்கு மாற்றிக்கொள்ளக் கிளம்பினாள். கணவரையும் கூப்பிட்டாள். அவரும் கிளம்பினார். இருவரும் பேக்கரி வரைக்கும் சேர்ந்துதான் போனார்கள்.

பேக்கரியில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் முகாம் நடக்கும்போது இப்படி உட்கார்ந்திருக்கலாமா என்று நாக்கு அவர்களைக் கேட்டது. பிறகு ஓட்டுரிமையின் அருமையை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தது. அப்படி உருக்கமாக அது அதற்கு முன் பேசியதில்லை. கேட்டவர்களில் மூன்று பேர் எழுந்து போய் மனுக் கொடுத்துவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டார்கள். நாக்கு அப்போதும் பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் கால்கள் அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனபோது மேஜை நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாளைக்கும் முகாம் உண்டு என்று நாக்கு சமாதானம் சொன்னது. மறுநாள் பேக்கரியில் வேறு தலைப்பு.

கார்த்திகை மாதம் மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் குடியிருந்த பகுதியிலிருந்து கம்பெனிகளுக்குப் போக ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை உண்டு. நாலு தூறல் விழுந்தாலே அதில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஒரு காலையில் உலகம்மை ஸ்கூட்டியோடு அதில் இறங்கினாள். தண்ணீருக்கு அடியில் இருந்த பள்ளம் தெரியவில்லை. வண்டி சாய்ந்து அவள் விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. பின்னால் வந்த வேன்காரர்தான் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மாவுக்கட்டோடு அவள் வீட்டில் இருந்த நாட்களில் குற்றாலிங்கம்தான் சோறு பொங்கினார். அப்போதும் விரலுக்கே வேலை. நாக்கு உப்பு பார்த்தது.

பேக்கரியில் நாக்கு இந்த விஷயத்தைச் சும்மா விடவில்லை. சுரங்கப்பாதையைப் பற்றி அது பேசிய பேச்சில் உண்மையான கோபமும் இருந்தது, வலியும் இருந்தது. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அதனால்தான் சட்டமன்றத் தேர்தல் அறிவித்த உடனே தெருக்காரர்கள் ஒன்றுகூடி ஒரு முடிவு செய்தார்கள். ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் சுரங்கப்பாதைக்கு என்ன வழி என்று கேட்பது. தெருவின் சார்பில் குற்றாலிங்கம் பேசுவது.

நாக்கு மூன்று நாள் வெந்நீர் மட்டும் குடித்துத் தயாரானது.

முதலில் வந்தவர் சென்னியப்பன். ஒரு கட்சியின் வார்டு பொறுப்பாளர். தெருமுனையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். குற்றாலிங்கம் பேசினார். மழையில் தொடங்கி, மனைவியின் மணிக்கட்டுக்கு வந்து, மக்களாட்சியில் கொண்டுபோய் முடித்தார். சென்னியப்பன் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். பிறகு கையிலிருந்த பட்டியலைப் புரட்டிக்கொண்டே, அண்ணன் பெயர் எந்தப் பாகத்தில் வருகிறது என்று விசாரித்தார். கதவு எண்ணைச் சொன்னார்கள். அந்த வீட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது உலகம்மை. தன் பெயர் தென்காசியில் இருப்பதைக் குற்றாலிங்கம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

சென்னியப்பன் மரியாதை தெரிந்தவர். "அண்ணா, நீங்க ரொம்ப நல்லாப் பேசுறீங்க. ஆனா இதையெல்லாம் நீங்க தென்காசியில நிக்கிற வேட்பாளர்கிட்டத்தானுங்க கேக்கோணும்" என்றார்.

அப்புறம் நாற்காலியை உலகம்மை பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். உலகம்மை தான் விழுந்த இடத்தையும், பள்ளம் இருக்கும் பக்கத்தையும், தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆகிறது என்பதையும் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அதுவாகவே பேச்செடுத்தது.

"வே, நான் யாருன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. கரண்டு கொடுக்காத மைக்செட்டு. எட்டு வருஷமா நானே தட்டி, நானே ஹலோ சொல்லி, நானே கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

குத்திக்காட்ட விரலுக்கு மனம் வரவில்லை. "கரண்டு கொடுத்துருவோம் அண்ணாச்சி. இன்னும் நாள் இருக்கு" என்றது.

நாள் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான் இருந்தது. அந்தப் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் மரகதமணி டீச்சர். அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். மறுநாள் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் குற்றாலிங்கம் அங்கே போனார். டீச்சர் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தார். நாக்கு, குடிமகனின் கடமை என்ற இடத்திலிருந்து ஆரம்பித்தது. அவர் ஒரு முட்டையை உரித்து முடிக்கிறவரை கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படிவம் ஆறு என்றும், ஏற்கெனவே வேறு ஊரில் பெயர் இருப்பவர்கள் மாற்றிக்கொள்ளப் படிவம் எட்டு என்றும் சொன்னார். பழைய வாக்காளர் அட்டை எண்ணை எழுதவேண்டும். இப்போது குடியிருக்கும் முகவரிக்கு கேஸ் பில்லோ வங்கிப் பாஸ்புக்கோ நகல் வைக்கவேண்டும். போனிலேயேகூட விண்ணப்பிக்கலாமாம். வேட்புமனு முடிகிற தேதிக்குப் பத்து நாளைக்கு முன்புவரைதான் வாங்குவார்களாம். அதற்கப்புறம் வருகிறவர்கள் அடுத்த தேர்தலுக்குத்தான்.

"இங்க பேரு ஏறினதும் அங்க எடுத்துருவாங்க. ரெண்டு எடத்துல வச்சுக்கக் கூடாதுங்க" என்றார் டீச்சர்.

விரல் பேனாவைப் பிடித்து நன்றாகத்தான் எழுதிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் நின்றுவிட்டது. தென்காசியில் வீட்டை விற்றாயிற்று. அம்மா அப்பா இல்லை. அந்த ஊரில் குற்றாலிங்கம் என்று ஒருவர் உண்டு என்று சொல்ல அந்தப் பட்டியலில் இருந்த ஒரு வரிதான் மிச்சம். இதைச் சொல்லி நாக்கு ஏதாவது சமாளித்திருக்கலாம். படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்திருக்கலாம். அது தனக்கு நன்றாக வரும் என்றும் அதற்குத் தெரியும். ஆனால் மாவுக்கட்டு பிரித்த பிறகும் குடத்தைத் தூக்க முடியாமல் உலகம்மை இடது கைக்கு மாற்றிக்கொள்வது ஞாபகம் வந்தது. நாக்கு வாயைத் திறக்கவில்லை. விரல் கையெழுத்துப் போட்டது.

விசாரிக்க வீட்டுக்கு வருவேன், யாராவது இருக்கவேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார்.

இரண்டே நாளில் நாக்கு தேறிவிட்டது. படிவம் எட்டில் இப்போது அதுதான் நிபுணர். பேக்கரியில் டீ ஆற்றுகிறவரிலிருந்து பார்சல் வாங்க வந்தவர்வரை எல்லோருக்கும் ஆறுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருந்தது. நடுவில் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"லோன் வேணுமான்னு கேப்பான். விடும்வே" என்றது நாக்கு, பேச்சை விடாமல்.

விரல் அதுவரை நாக்கு சொன்னதை மீறியதில்லை. அன்றைக்கு என்ன தோன்றியதோ, பச்சைப் பொத்தானைத் தள்ளிவிட்டது. பேசிக்கொண்டிருந்த நாக்கு வேறு வழியில்லாமல் ஹலோ என்றது. அந்தப் பக்கம் மரகதமணி டீச்சர். வீடு பூட்டியிருக்கிறதே என்றார். இன்றைக்கே அறிக்கை கொடுத்தாகவேண்டும், இன்னும் பல வீடு பாக்கி, காத்திருக்க முடியாது என்றார்.

உலகம்மை வேலைக்குப் போயிருந்தாள். குற்றாலிங்கம் ஓடினார். பல வருஷமாக ஓடாத உடம்பு. ஒரு திருப்பத்தில் செருப்பு கழன்றது. அதை எடுக்க நிற்கவில்லை. டீச்சர் தெருமுனையைத் தாண்டுகிற சமயத்தில் போய்ப் பிடித்துவிட்டார். குற்றாலிங்கத்துக்கு மூச்சு வாங்கியதால் நாக்கால் ஒரு வார்த்தையும் சொல்ல முடியவில்லை. அதனால் வேலை சீக்கிரம் முடிந்தது. டீச்சர் கேஸ் பில்லைப் பார்த்தார், கதவு எண்ணைப் பார்த்தார், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டார், எழுதிக்கொண்டு போனார்.

மூச்சு திரும்பியதும் நாக்கு சொன்னது: "வே, அந்தப் போனை நீரு எடுக்காம இருந்திருந்தா, நான் அடுத்த அஞ்சு வருஷமும் படிவம் எட்டைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்திருப்பேன்."

"நல்லாத்தான் பேசியிருப்பீங்க அண்ணாச்சி" என்றது விரல்.

சில நாள் பொறுத்து அட்டை எண்ணைப் போனில் தட்டிப் பார்த்தபோது இந்த ஊர் விலாசத்தோடு குற்றாலிங்கத்தின் பெயர் வந்தது. பாகம் எண், வரிசை எண், வாக்களிக்கும் பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. நாக்கு அதை உலகம்மைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியது. அவள், "இனிமே உங்களையும் மனுசனா மதிச்சிப் பேச வருவாங்க" என்றாள்.

வந்தார்கள். சென்னியப்பன் மறுபடி வந்தார். இந்தத் தடவை நாற்காலியை நேராகப் போட்டுக்கொண்டார். அவர்கள் கட்சி வேட்பாளர் சுரங்கப்பாதையில் தண்ணீர் இறைக்கப் பெரிய மோட்டார் வைத்துத் தருவாராம். அடுத்த கட்சிக்காரர்கள் மேம்பாலமே கட்டுவோம் என்றார்கள். மூன்றாவதாக வந்த வேட்பாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே சுரங்கப்பாதைக்கு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு, தண்ணீர் போக வாய்க்காலே இல்லை, முதலில் அதைத்தான் வெட்டவேண்டும் என்று சொன்னார். மூவருக்கும் நாக்கு வாக்குக் கொடுத்தது. எங்கள் வீட்டு ஓட்டு உங்களுக்குத்தான் என்று மூன்று பேரிடமும் ஒரே மாதிரி உருகிச் சொன்னது. அவர்களில் இரண்டு பேருடைய பேச்சைக் கேட்டபோது, எங்கோ விட்டுப்போன சொந்தக்காரர்களைப் பார்த்த சந்தோஷம்கூட அதற்கு வந்தது.

விரல் மட்டும் அன்று சாயங்காலம் சுரங்கப்பாதைச் சுவரில் பழைய தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது.

வாக்குப்பதிவு நாள் காலையில் கணவனும் மனைவியும் அட்டையும் பூத் சிலிப்புமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். செல்போனை வீட்டில் வைத்துவிட்டார்கள். பெண்கள் வரிசை சீக்கிரம் நகர்ந்ததால் உலகம்மை முதலில் போட்டுவிட்டு வெளியே நின்றாள். ஆண்கள் வரிசையில் நாக்கு முன்னால் நின்றவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தது. அவர் வெயிலுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டார்.

உள்ளே முதல் மேஜையில் இருந்தவர் அட்டையைப் பார்த்து, பட்டியலைப் பார்த்து, வரிசை எண்ணையும் குற்றாலிங்கம் என்ற பெயரையும் உரக்கச் சொன்னார். முகவர்கள் அவரவர் பட்டியலில் குறித்துக்கொண்டார்கள். தன் பெயரை இன்னொரு நாக்கு சொல்லிக் கேட்பதில் நாக்குக்கு என்னவோபோல் இருந்தது. அடுத்த மேஜையில் கையெழுத்துப் போட்டார். ஒருவர் விரலைப் பிடித்து நகத்துக்கும் தோலுக்குமாக மையால் ஒரு கோடு இழுத்து, ஒரு சீட்டைக் கொடுத்தார். மை சில்லென்று இருந்தது. மூன்றாவது மேஜையில் சீட்டை வாங்கிக்கொண்டு, போங்க என்று அட்டைத் தடுப்பைக் காட்டினார்கள்.

தடுப்புக்குப் பின்னால் நின்றபோது நாக்குக்குப் படபடப்பு வந்தது.

"வே, அவசரப்படாதேயும். இங்கதான் முக்கியம். நான் சொல்லுததைக் கேளும்."

"அண்ணாச்சி, இங்க பேசப்படாது" என்றது விரல்.

குற்றாலிங்கம் வாயை இறுக மூடிக்கொண்டார். உள்ளே இருட்டாகிவிட்டது. நாக்கு பல்லுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டது. விரல் மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராக நகர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. அழுத்தியது. நீளமாக ஒரு பீப் சத்தம் கேட்டது. பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு துண்டுச் சீட்டு தோன்றி, கொஞ்சம் நின்று, உள்ளே விழுந்தது. இவ்வளவும் நடந்தபோது நாக்குக்குத் தெரிந்தது அந்தச் சத்தம் மட்டும்தான்.

வெளியே வந்ததும் அது மெல்லக் கேட்டது. "யாருக்குவே போட்டீரு?"

"அதைச் சொல்லக்கூடாது அண்ணாச்சி."

"ஊர்க்காரனுக்குச் சொல்லாண்டாம். எங்கிட்ட சொல்லலாம்லா. ஒரே உடம்புல்லா?"

"உங்ககிட்ட சொன்னா ஊர்க்காரனுக்குச் சொன்ன மாதிரிதான?"

நாக்கு கோபப்படப் பார்த்தது. முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் விரல் சொன்னதில் தப்பில்லை. தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்லச் சொன்னால்கூட அது அப்படித்தான் சொல்லியிருக்கும். "நானா இருந்தாலும் எங்கிட்ட சொல்ல மாட்டேன்வே" என்று ஒப்புக்கொண்டது.

உலகம்மை வாசலில் தன் மை வைத்த விரலால் முந்தானையைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவளும் யாருக்குப் போட்டோம் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் பேக்கரி நிறைந்திருந்தது. குற்றாலிங்கம் டீ டம்ளரை இடது கையில் வாங்கிக்கொண்டார். பேச்சு எங்கெங்கோ சுற்றியது. கடைசியில் நாச்சிமுத்து கல்லாவிலிருந்தபடியே கேட்டார்.

"ஏனுங்கண்ணா, எல்லாக் கட்சியையும் இத்தனை வருசமா அலசுனீங்க. நீங்க யாருக்குப் போட்டீங்க?"

பேக்கரியே பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. நாக்குக்கு இப்படி ஓர் அமைதியான கூட்டம் கிடைத்ததே இல்லை. குற்றாலிங்கம் ஒரு மடக்கு டீயை விழுங்கினார்.

"எனக்கே தெரியாதுங்க" என்றார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த நாக்கு பேக்கரியில் சொன்னதிலேயே கலப்பில்லாத உண்மை அது ஒன்றுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை.